எடுக்க முடியாமல் போன எண்

என் பிரிவுபசார நாளன்று கேக் வெட்டி முடித்த கையோடு, என்னிடம் டிசைன் பழகிய நீங்கள் ஐந்து பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். லோகோ செய்ய இலவச மென்பொருளில் எது நல்லது என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் உங்களுக்குப் போதும். கைப்பேசியில் குறித்துக்கொண்டு மிச்ச கேக்கைத் தேடிப் போயிருப்பீர்கள். பெயர் சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. ஆனால் இதே கேள்வியை நானும் ஒருமுறை எனக்குள் கேட்டு, பதிலும் சொல்லிக்கொண்டு, அந்தப் பதிலால் ஏழு குடும்பங்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் கெடுதல் செய்திருக்கிறேன். போன மாதம் வரை அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இனி அலுவலகத்தில் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய மரியாதை ஒன்றும் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயல்காரி என்றதும் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டீர்கள். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. உண்மை வேறு. எங்களுக்கு பஜாரில் ஜவுளிக்கடை. சுரங்கத்து ஆட்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எங்களிடம் துணி எடுத்தார்கள். அவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். சுரங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த அவர்களுடைய லைன் வீடுகளுக்கு நாங்கள் போனதில்லை. ஷாஃப்டில், அதாவது சுரங்கத்தின் இறங்குகுழியில், ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கை வைத்துத்தான் கடையைத் திறந்தோம், மூடினோம். ஆனால் அந்தச் சங்கு ஊதும் இடத்தில் மனிதர்கள் எப்படி இறங்குகிறார்கள், எப்படி ஏறுகிறார்கள் என்று எனக்கு இருபத்தெட்டு வயது வரை தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. நான் செய்த தப்பில் பாதி கம்ப்யூட்டரில் நடந்தது, மீதிப் பாதி இங்கிருந்து வந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு. பெங்களூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அண்ணனிடம் சண்டை போட்டுக் கடையின் ஒரு மூலையை வாங்கினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, மை கசியும் பிரிண்டர் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கடை லோகோ எல்லாம் செய்து தரப்படும் என்று எழுதி மாட்டினேன். துணி மூட்டையின் தூசி கம்ப்யூட்டருக்குள் போய்விடும் என்று அதற்கு உள்பாவாடைத் துணியில் உறை தைத்துப் போட்டது அண்ணி. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பெங்களூர் நடைபாதையில் விற்கும் காப்பியடித்த மென்பொருள் ஒன்று. லோகோவைக் கோடுகளாக வரைந்து தரும் அந்த மென்பொருளைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதே மாதிரி ஒன்றை முப்பது நாள் மட்டும் ஓடும்படி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் கொடுத்திருந்தார்கள். அதே சிடியில் முழுக்க இலவசமாக இன்னொன்றும் இருந்தது. அது புள்ளிகளால் வேலை செய்வது, புகைப்படங்களைத் திருத்துவதற்கானது. முப்பது நாள் மென்பொருளில் பூவும் பறவையும் வரைந்து விளையாடியே நாட்களைத் தீர்த்துவிட்டேன். காப்பியடித்ததைத் தொடமாட்டேன் என்று ஒரு வீராப்பு. ஆக, புள்ளி மென்பொருள்தான் என் மென்பொருள் ஆயிற்று.

இலவசம் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். நேர்மையானவள் என்ற பெயருக்காகத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பெயரை எனக்கு யாரும் கொடுக்கவும் இல்லை, நானேதான் சூட்டிக்கொண்டேன். புள்ளிகளால் செய்த படத்தைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு மாதிரி உடையும், கோடுகளால் செய்தது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பது இன்று உங்களுக்கு முதல் நாள் பாடம். எனக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், நம் வேலைக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் செல்வராஜ் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், எங்கள் கடையில் வேட்டி எடுக்கிறவர், சுரங்கத்தின் மேல்பட்டறையில் ஃபிட்டர். மேல்பட்டறை ஆட்கள் பூமிக்குக் கீழே இறங்கமாட்டார்கள், மேலேயே இருந்து இயந்திரங்களைச் சரிபார்ப்பார்கள். அவரும் இன்னும் ஆறு ஃபிட்டர்களும் சேர்ந்து கோரமண்டலில் ஒரு தகரக் கொட்டகை எடுத்துச் சின்னப் பட்டறை வைக்கப்போவதாகச் சொன்னார். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கனரகத் தொழிற்சாலை, சின்னச் சின்ன உருப்படிகளை வெளியில் செய்து வாங்குவதற்கு ஒரு பட்டியல் போடுகிறதாம். அவர்கள் ஆட்கள் வந்து பார்த்து, பிடித்திருந்தால் பட்டியலில் ஏற்றுவார்கள். செய்கிற ஒவ்வொரு உருப்படியிலும் பட்டறையின் அடையாளக் குறி, பஞ்சு என்று அவர்கள் சொல்லும் எஃகு அச்சால் அடித்திருக்க வேண்டும். அதே குறி காகிதத்திலும் பெயர்ப்பலகையிலும் இருக்க வேண்டும். அந்தக் குறியைத்தான் நான் செய்து தரவேண்டும்.

"சுரங்கம் இனிமே ஓடாதும்மா. எப்ப மூடுவான்னு மட்டும்தான் தெரியல. மூடறதுக்குள்ள அந்த லிஸ்ட்ல ஏறிட்டா ஏழு வூடும் இங்கியே இருக்கும். இல்லன்னா விடிகால டிரெய்ன்தான். பெங்களூருல எவன் கேட்டுலியாவது வாட்ச்மேனா நிக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்ட ஒரு சோர்வு மட்டும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே வட்டமான ஒரு பித்தளை வில்லை. மேலே ஓர் ஓட்டை, நடுவில் 2316 என்று குத்திய எண். சுரங்கத்தில் கீழே இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் டோக்கன் என்றார். ஏழு பேருடைய அப்பனும் அண்ணனும் இதை வைத்துத்தான் இறங்கினார்கள், அதனால் குறி இந்த மாதிரி வட்டமாக, ஓட்டையோடு இருக்க வேண்டும், நடுவில் பட்டறைப் பெயரின் இரண்டு எழுத்து. வில்லை மாடலுக்கு மட்டும்தான், பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். யாருடையது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் ஸ்கேனர் இல்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு எதிரில் மஞ்சுநாத் என்று ஒரு பையன் கடை வைத்திருந்தான், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். அங்கே போய் வில்லையை ஸ்கேன் செய்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் கோட்டிலேயே வரைந்து தருகிறேன், பஞ்சு அடிப்பதற்கு அதுதான் சரிப்படும் என்றான். காப்பியடித்த மென்பொருளில் செய்தது எனக்கு வேண்டாம் என்று நான் நாலு பேர் கேட்கச் சொன்னேன். "ஆய்து மேடம், உங்க இஷ்டம்," என்று கன்னடம் கலந்து சொல்லி ஃபிளாப்பியைக் கையில் கொடுத்தான். திரும்பும் ரயிலில் எனக்கு என்னைப் பற்றி ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஒவ்வொன்றையும் தனியாக மாற்றக்கூடிய அடுக்குகளாக மூன்று வாரம் உட்கார்ந்து செய்தேன். வட்டம் ஓர் அடுக்கு, எழுத்துகள் ஓர் அடுக்கு, ஸ்கேனிலிருந்து வெட்டி எடுத்த எண் ஓர் அடுக்கு. எண்ணை யாரும் கேட்கவில்லை. வெறும் வட்டமும் எழுத்தும் பாட்டில் மூடி மாதிரி இருந்தது; எண்ணைச் சேர்த்ததும் அசல் டோக்கனின் களை வந்துவிட்டது. எழுத்துகளின் கால்கள் எண்ணின் மேல் ஏறி நிற்கும்படி வைத்தேன். அழகாக இருந்தது. இன்று பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை.

செல்வராஜுக்குக் காட்டியது கட்டைவிரல் அகலப் படம். என் பிரிண்டரின் மை கசிந்ததில் எண் ஒரு கறை மாதிரி இருந்தது. நல்லா கீதும்மா என்று சொல்லிவிட்டு வில்லையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அவர் படி இறங்கியதும் நான் அடுக்குகளை எல்லாம் ஒன்றாக்கி ஒரே படமாகச் சேமித்தேன். அடுக்கோடு இருந்த கோப்பு பெரிது, அதைத் திறந்தாலே கம்ப்யூட்டர் நின்றுவிடும். இடம் அடைக்கிறதே என்று அதை அழித்தும் விட்டேன். வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து வைக்கிற மாதிரி, சுத்தமாக இருப்பதாக ஒரு நினைப்பு.

ஒரு பிரதி பெங்களூரில் பஞ்சு வெட்டுகிறவருக்குப் போனது. இன்னொரு பிரதி பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டருக்கு. அவர் கட்டம் போட்டுப் பெரிதாக்கி எழுதுகிறவர், வேலையில் மிகச் சுத்தம். கறை மாதிரி இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இன்ன எண் என்று கண்டுபிடித்து, மஞ்சள் பெயிண்டில் சாண் உயரத்துக்கு 2316 என்று எழுதினார்.

தொழிற்சாலை ஆட்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை பலகையை மாட்டினார்கள். ஜெபம் செய்ய ஒருவர், தேங்காய் உடைக்க ஒருவர், ஏழு வீட்டுப் பெண்கள், நான். பலகையைச் சுற்றியிருந்த சாக்கை உருவியதும் செல்வராஜின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். செல்வராஜின் அண்ணி பிலோமினா. நந்திதுர்க் லைனிலிருந்து நடந்தே வந்திருந்தார், கையில் எல்லாருக்கும் சுண்டல் தூக்கு.

"இன்னா செல்வா, உங்க அண்ணன் நம்பர இங்க மாட்டி வெச்சிக்கிறீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொன்றும் கேட்டார்.

"அவரு இன்னும் மேல வரலியா?"

எனக்கு அவர் கேட்டது புரியவே இல்லை. ஃபிட்டர்களில் ஒருவர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொன்னார். கீழே இறங்குகிறவன் ஷாஃப்ட் வாயில் இருக்கும் கொக்கிப் பலகையில் தன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் கீழே இறக்கும் கூண்டில் ஏறுவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஒரு டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பெண்கள் அந்தப் பலகையைப் பார்க்கத்தான் ஓடிவருவார்களாம். செல்வராஜின் அண்ணன் ஆரோக்கியம் பாறை வெடித்துச் சரிந்ததில் கீழேயே மாட்டிக்கொண்டார். உடலை எடுத்துவரும் வரை 2316 அங்கேயே தொங்கியது. எடுத்துவந்த பிறகு யாரோ அதைக் கழற்றிப் பிலோமினா கையில் கொடுத்திருக்கிறார்கள். மாடலுக்கு என்று செல்வராஜ் கேட்டு வாங்கி வந்தது அதைத்தான்.

என் கடையிலிருந்து ஷாஃப்ட் நடந்து போகிற தூரம். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சாவின் அடையாளத்தை எடுத்து அலங்காரமாக வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அன்று என்னை அதிகம் ஆட்டியது அது இல்லை, வேலை கெட்டுவிட்டதே என்ற பதற்றம்தான். இதையும் உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

எண்ணை எடுத்துவிட முடியுமா என்று செல்வராஜ் கேட்டார். முடியும் என்றேன். ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றாக்கிய படத்தில் எண் தனியாக எங்கும் இல்லை. புள்ளி புள்ளியாக அழித்தேன். எண்ணோடு எழுத்தின் கால்களும் போயின. எழுத்தைச் சரிசெய்தால் எண்ணின் நிழல் எட்டிப் பார்த்தது. திங்கள் காலை பஞ்சு வெட்டுகிறவர் போன் செய்தார். ஃபிளாப்பியில் இருப்பது புள்ளிப் படம், பெரிதாக்கினால் ஓரம் உடைகிறது, கோடாக வேண்டும் என்றார். இருக்கிறபடியே என்றால் அவரே கையால் கோடு இழுத்து வியாழனுக்குள் பஞ்சை வெட்டித் தந்துவிடுவார். மாற்றம் ஏதாவது இருந்தால் புது வரைபடம் செவ்வாய் காலைக்குள் அவர் கைக்கு வரவேண்டும்.

அன்று பதினொரு மணிக்குச் செல்வராஜும் பிலோமினாவும் கடைக்கு வந்தார்கள். என் அண்ணி பிலோமினாவுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அவர் உட்காரவில்லை. நான் ரொம்பத் தெளிவாகப் பேசினேன். இந்த மென்பொருளில் இனி எண்ணைப் பிரிக்க வழியில்லை. முதலிலிருந்து செய்ய நாள் இல்லை. பலகையில் மட்டும் அழித்தால் பஞ்சில் ஒன்று, பலகையில் ஒன்று என்று ஆகிவிடும். வருகிறவர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை வரை இப்படியே இருக்கட்டும், பட்டியலில் ஏறியதும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். ஏழு குடும்பத்தின் சோறு முக்கியம் என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அப்போது தோன்றவில்லை.

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சு நாளு பொறுத்துக்க அண்ணி," என்றார்.

"அன்னிக்கும் அஞ்சு நாளுதான் தொங்கிச்சு," என்றார் பிலோமினா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சொல்கிறேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய். வழியில்லை என்றேன் அல்லவா, வழி இருந்தது. பங்காருபேட்டை அரை மணி நேரம். மஞ்சுநாத்திடம் ஸ்கேன் செய்த படம் இருந்தது. சாயங்காலத்துக்குள் கோட்டில் வரைந்து தருகிறேன் என்று அவன் வாய்விட்டுச் சொன்னவன். செவ்வாய் காலை முதல் ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோயிருக்கலாம். அவர்கள் இருவரும் என் முன்னால் நின்றபோது இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் நான் மட்டம்தட்டியவனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். என் நேர்மையான மென்பொருள் கைவிட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் ஐந்து நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தேன். கெடு நெருங்குகிறது, வேறு வழி இல்லை என்று யாராவது அவசரமாகப் பேசினால், அதற்குள் சொல்லாத வழி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேசுகிறவர் நீங்களாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

வியாழக்கிழமை பஞ்சை வாங்கப் போனபோது, மாற்றம் செய்ய ஆசைப்பட்டு முடியாமல் போனதைப் பஞ்சு வெட்டுகிறவரிடம் சும்மா சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கவராயம் வெச்சு ஒரு வட்டம் போட்டு, மசியில ரெண்டு எழுத்து எழுதிக் குடுத்திருந்தா போதுமேம்மா. கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார். கோடு என்றதும் எனக்குக் கம்ப்யூட்டரில் வரைந்த கோடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பெட்டி எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் ஒரு தமிழ் எஞ்சினியர், நிதானமான மனிதர். மேசையில் வரிசையாக வைத்திருந்த உருப்படிகளை எடுத்து அளவு பார்த்தார். முடி அளவுகூடப் பிசகவில்லை, வேலை சுத்தம் என்று கூட வந்தவரிடம் சொன்னார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பஞ்சால் அடித்த குறியைப் பார்த்தார்.

"இது பார்ட் நம்பரா, லாட் நம்பரா?"

"ரெண்டும் இல்ல சார்," என்றார் செல்வராஜ். குறியை விரலால் தொட்டு, "எங்க அண்ணன்," என்றார்.

எஞ்சினியர் அந்த உருப்படியை உடனே கீழே வைக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக எடுத்துச் சொன்னார். உருப்படியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் பொருத்துகிறவன் அதைப் பாகத்தின் எண் என்றுதான் படிப்பான். ஒன்று மாறினால் இயந்திரத்தில் தவறான பாகம் பொருந்திவிடும். குறியில் எண் இருக்கிற பட்டறையை ஏற்றுக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை, எண் இல்லாத குறியோடு அடுத்த பட்டியலுக்கு வாருங்கள் என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அதனாலேயே யாரையும் திட்ட வழியில்லாமல் போயிற்று.

அவர்கள் வண்டி போனதும் செல்வராஜ் ஏணியைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பட்டியல் வருவதற்குள் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். காத்திருக்க யாருக்கும் தெம்பில்லை. வாடகைக்கு எடுத்த லேத் இயந்திரம் திரும்பிப் போனது. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக விடிகாலை ரயில் ஏறினார்கள். நானும் அதே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலை கேட்டுப் போனேன். என் கோப்பில் அந்த லோகோ இருந்தது. வேறு நல்லதாக ஒன்றும் என்னிடம் இல்லை. நேர்காணல் செய்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்து அதில் நின்றார். அந்த எண் பிரமாதம், அதில்தான் உயிர் இருக்கிறது என்றார். நான் நன்றி சொன்னேன். வேலை கிடைத்தது. நீங்கள் எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிடும் இந்த வேலை அப்படித்தான் தொடங்கியது. செல்வராஜ் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் முழங்கால் விட்டுப்போகும் வரை நின்றார். கோரமண்டல் ஸ்டேஷனில் பார்த்தால் தலையசைப்பார். நான் பெட்டி மாறி ஏறுவேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று கோட்டில் வரைகிற இலவச மென்பொருள்கள் எவ்வளவோ நல்லவை இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுங்கள். திருட்டு மட்டும் வேண்டாம் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் இதை எடு என்றால் எடுக்க முடியுமா என்று செய்து பாருங்கள். நீங்கள் செய்ததை உங்களைத் தவிர இன்னொருவர் திறக்க முடியுமா என்றும் பாருங்கள். அடுக்குள்ள கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று வாயைத் திறந்து கேளுங்கள். இதெல்லாம் சுலபம். உங்கள் கருவி கைவிடும் நாளில் எதிர்க்கடைக்காரன் படியேறி உதவி கேட்கத் துணிவு இருக்கிறதா என்பதுதான் கஷ்டம். அது எந்த சிடியிலும் வராது.

போன மாதம், விருப்ப ஓய்வு பெற்ற பத்தாம் நாள், அந்தக் குறியை ஓர் இலவச மென்பொருளில் புதிதாக வரைந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நந்திதுர்க்குக் கிளம்பினேன். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் ஒரு லைன் வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. பிலோமினாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. யார் என்று சொன்னதும், ஜவுளிக்கடைப் பொண்ணா, உட்காரும்மா என்றார். காபி வேண்டாம் என்றேன், வைத்தார்.

திரையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு தட்டுத் தட்டினால் எண் மறைந்தது. இன்னொரு தட்டுத் தட்டினால் வந்தது. அவர் மறுபடி செய்யச் சொன்னார். மூன்று முறை செய்தேன்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க்கா."

"அன்னிக்கு இது இல்லாம பூட்ச்சி."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். "இருந்துச்சுக்கா," என்றேன். "பங்காருபேட்டையில இருந்துச்சு. அன்னிக்கே செஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியும். நான்தான் போகல."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ அந்தக் கண்ணுக்கு. பிறகு திரையைக் காட்டினார். அப்போது அதில் எண் இருந்தது.

"அவர எடுத்துட்டு மூடு," என்றார்.

எடுத்துவிட்டு மூடினேன்.